ஔவையாருக்கு முந்தைய கே.பி.எஸ்.: மேடையில் வள்ளியாக நின்ற வருடங்கள்

ஊசிமுனை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு ஈரோட்டில் ஒரு பழைய சாமான் கடையில் ஆறு இசைத்தட்டு கிடைத்தது. அதில் ஒன்று நாடக நடிகையும் பாடகியுமான கே.பி. சுந்தராம்பாள் பாடியது. லேபிள் பாதி உரிந்திருக்கிறது, பாட்டின் பெயரைப் படிக்க முடியவில்லை, பாடியவர் பெயர் மட்டும் தப்பித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து துடைத்துப் புது ஊசி போட்டு ஓடவிட்டேன். முதல் வரி முடிவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் அறிந்த கே.பி.எஸ். குரல் 1953ல் வந்த ‘ஔவையார்’ குரல், 1965ல் வந்த ‘திருவிளையாடல்’ குரல். முருகனையே உட்காரவைத்துப் புத்தி சொல்லும் பாட்டியின் குரல். இந்தத் தட்டில் பாடுவது இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண். மேல் ஸ்தாயிக்கு ஒரே தாவலில் போய், அங்கே நின்றுகொண்டு ‘எங்கே, நீ வா பார்க்கலாம்’ என்று எதிராளியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இரண்டு நாளாக அது காதை விட்டுப் போகவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறந்தது 1908. கொழும்பு மேடை ஏறியது 1917 வாக்கில். அவரோடு மேடையில் ஜோடியாக நடித்து அவரை மணந்த கிட்டப்பா இறந்தது 1933 டிசம்பர் 2. முதல் படம் ‘பக்த நந்தனார்’ 1935. அப்படியானால் கேமரா முன்னால் வருவதற்கு முன்பே பதினேழு, பதினெட்டு வருடம் மேடையில் நின்றிருக்கிறார். நாம் பேசுவதெல்லாம் அதற்குப் பின்னால் வந்த வெள்ளைச் சேலையையும் திருநீற்றையும் பற்றித்தான். அந்த மேடைக் காலத்தில் அவர் இரவெல்லாம் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். கொடுமுடிக்காரர்கள், நாடகக் குடும்பத்தினர், ஈழத்து நண்பர்கள் எல்லோரையும் கூப்பிடுகிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

நான் கொடுமுடிக்கு வாக்கப்பட்டு வந்தவளுங்க. எங்கூர்ல இன்னமும் பெரியவங்க ‘சுந்தராம்பா’ன்னுதான் சொல்லுவாங்க, ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. கே.பி.ங்கறதுல ‘கே’ கொடுமுடி, ‘பி’ அவங்க அம்மா பாலாம்பாள். பேருக்கு முன்னாடி ஊரும் அம்மாவும் நிக்கறாங்க பாருங்க. சின்ன வயசுல அப்பா இல்லாம அந்த அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை.

அவங்க நாடகத்துக்குப் போனதைப் பத்தி ரெண்டு கதை உண்டுங்க. ரயில்ல பாடிக்கிட்டிருந்த பிள்ளையை எஃப்.ஜி. நடேசய்யர் கேட்டுட்டு மேடைக்குக் கொண்டுபோனாருன்னு ஒண்ணு. அவர் ரயில்வே அதிகாரி, நாடக நடிகர், திருச்சி ரசிக ரஞ்சன சபாவை உண்டாக்கினவர். கரூர்ல ஒரு போலீஸ் அதிகாரி பாட்டைக் கேட்டு வேலு நாயர் நாடகக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டாருன்னு இன்னொண்ணு. ஈரோட்டுலருந்து திருச்சிக்குப் போற ரயில் கொடுமுடி, கரூர் வழியாத்தானே போகுது. பாடற பிள்ளையை ஒரு ஆள் மட்டும் கேட்டிருப்பாங்கன்னு என்ன கணக்கு? எங்க வீட்ல அமுச்சி (பாட்டி) ரெண்டு கதையையும் ஒரே மூச்சுல சொல்லும்.

கம்பெனியில மொதல்ல குடுத்தது ‘நல்லதங்காள்’ நாடகத்துல மூத்த பையன் வேஷமுங்க. பஞ்சத்துல வாடி, பசிக்குதுன்னு அம்மாகிட்ட பாடற பிள்ளை. அதைப் பாடறப்ப கொட்டகையே அழும்னு சொல்லுவாங்க. அந்தப் பிள்ளைக்குப் பசியை யாரும் சொல்லிக்குடுக்க வேண்டியிருக்கலை.

பெட்டி_வீட்டுப்_பேரன் எழுதியது:

மதுரையிலிருந்து. என் தாத்தா ஸ்பெஷல் நாடகத்தில் நாற்பது வருடம் பெட்டி வாசித்தவர். (கால் ஆர்மோனியத்தை எங்கள் வீட்டில் ‘பெட்டி’ என்றுதான் சொல்வோம்.) அவர் காலம் கே.பி.எஸ். மேடைக்குப் பிந்தியது, ஆனால் அவருடைய குரு அந்தத் தலைமுறை. வீட்டில் கேட்டதை எழுதுகிறேன்.

முதலில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பதைப் புரிந்துகொண்டால்தான் அந்தக் குரல் புரியும். கம்பெனி நாடகம் என்றால் ஒரு முதலாளி, ஒரே குழு, எல்லோரும் சேர்ந்து ஒத்திகை, படுதாவும் சாமான்களும் கூடவே வரும். ஸ்பெஷல் அப்படிக் கிடையாது. காண்ட்ராக்டர் ராஜபார்ட்டை (கதாநாயக நடிகரை) ஒரு ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை (நாயகி வேஷக்காரரை) இன்னொரு ஊரிலிருந்தும் பேசி முடிப்பார். பபூன் (கோமாளி) வேறிடம், பெட்டிக்காரர் வேறிடம். எல்லோரும் அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்த ஊரில் சந்திப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஏறினால் விடியும்வரை ஓடும்.

ஒத்திகை இல்லாமல் எப்படி நடக்கும்? சங்கரதாஸ் சுவாமிகளால் நடக்கும். 1867ல் பிறந்து 1922ல் மறைந்தவர். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘நல்லதங்காள்’ என்று அவர் எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லா நடிகர்களுக்கும் பாடம். நாமக்கல்லில் இருந்து வந்தவரும் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவரும் அதே வரியில் சந்திப்பார்கள். ஆனால் அந்த வரிகள் வெறும் தண்டவாளம். வண்டியை ஓட்டுவது நடிகர்கள் பாடு.

‘வள்ளி திருமணம்’ எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடி பறவை விரட்டுகிறாள். நாரதர் வருகிறார். தர்க்கம் ஆரம்பம். யார் நீ, எந்த ஊர், இங்கே உனக்கென்ன வேலை என்று தொடங்கி வேதாந்தம் வரை போகும். அவர் ஒரு ராகத்தில் கேட்டால் இவள் அதே ராகத்தில், அதே சுருதியில் பதில் சொல்லியாக வேண்டும். எழுதிவைத்த பதில் தீர்ந்த பிறகும் அவர் விடமாட்டார். ஜனங்களும் விடமாட்டார்கள். அந்தத் தர்க்கம் மட்டும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போகும். அது முடிந்தால் வேடனாக முருகன் வந்து நிற்பான். ஒரே ராத்திரியில் இரண்டு ஆண் நடிகர்களை ஒருத்தியாகச் சமாளிக்க வேண்டும், அதுவும் தொண்டை கட்டாமல். ராஜபார்ட்டுக்கு நடுவில் உட்கார நேரம் கிடைக்கும். வள்ளிக்குக் கிடைக்காது.

ஊசிமுனை எழுதியது:

அருமை, தம்பி. ஒரு சந்தேகம். சுருதியை யார் தீர்மானிப்பார்கள்? ராஜபார்ட்டின் கட்டைக்கு (சுருதி அளவுக்கு) ஸ்திரீபார்ட் பாட வேண்டுமா?

பெட்டி_வீட்டுப்_பேரன் எழுதியது:

அங்கேதான் சண்டையே அண்ணா. பெரிய நடிகர்கள் வந்தால் அவர்கள் கட்டைதான் அன்றைய கட்டை. குரல் குறைந்த நடிகை அவதிப்படுவாள். கிட்டப்பாவும் கே.பி.எஸ்.ஸும் ஐந்து கட்டைக்கு மேலே பாடினார்கள் என்பார்கள். ஆணுக்கு அது தலை சுற்றும் உயரம். மைக் கிடையாது. ஆயிரம் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற கொட்டகை, பின்னால் தரை டிக்கெட். கடைசியில் நிற்கிறவனுக்குச் சொல் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் அவன் சும்மா இருக்கமாட்டான். அதனால்தான் நீங்கள் தட்டில் கேட்டது அப்படி இருக்கிறது. ரிகார்டிங் அறையில் மைக் ஒரு முழத்தில் இருந்தாலும் அவர் பாடியது கொட்டகையின் பின்சுவருக்கு.

இன்னொன்று கவனித்துக் கேளுங்கள். எவ்வளவு மேலே போனாலும் எழுத்து சிதையாது. ‘ழ’ ‘ழ’வாகவே இருக்கும். தாத்தாவின் குரு சொல்வாராம்: சங்கீதக்காரன் ராகத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும், நாடகக்காரன் சொல்லையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும் என்று.

வல்வைக்காற்று எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில. கொழும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. கே.பி.எஸ். தமிழ்நாட்டில பேர் எடுக்க முன்னமே எங்கட கொழும்பில பேர் எடுத்தவ. ஜிந்துப்பிட்டியில நாடகக் கொட்டகை இருந்தது. தென்னிந்தியக் கம்பனிகள் கப்பலேறி வந்து மாதக்கணக்கில தங்கி நடிப்பினம். துறைமுகத்தில வேலை செய்த சனம், செட்டித்தெரு வியாபாரிகள், கிளாக்கர்மார் எல்லாரும் பார்க்கப் போனவை. ஒரே ஆக்கள் திரும்பத் திரும்ப வாறபடியால் ஒரே நாடகத்தை ஒரே மாதிரிப் பாடினால் எடுபடாது. அந்தப் பிள்ளைக்குக் கொழும்பு பெரிய பள்ளிக்கூடமாக இருந்திருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன்.

வள்ளி கதை எங்களுக்கு வேற மாதிரி. கதிர்காமம் எங்கட நாட்டில இருக்கு. வள்ளி எங்கட காட்டுப் பெண் எண்டுதான் அம்மம்மா சொல்லித் தந்தவ. அப்பிடிப்பட்ட சனத்துக்கு முன்னால கொடுமுடியில இருந்து வந்த பெண் ஒண்டு வள்ளியாக நிண்டு பாடினால் எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இன்னொண்டும் சொல்ல வேணும். அந்தக் கம்பனிகள் போன பிறகும் நாடகம் எங்களிட்ட தங்கிப்போச்சு. யாழ்ப்பாணத்தில அதை இசை நாடகம் எண்டு சொல்லுவம். காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்துவின்ர ‘மயான காண்டம்’ பார்க்காத ஊர் வடக்கில இல்லை. எங்கட அப்பு வைரமுத்துவைக் கேட்டுப்போட்டு வந்து ‘இது கிட்டப்பா வழி’ எண்டு சொல்லுவார். கிட்டப்பாவை அவர் நேரில கண்டதில்லை. தட்டிலதான் கேட்டவர்.

குற்றாலச்சாரல் எழுதியது:

செங்கோட்டைக்காரன் நான் பேசாமல் இருக்க முடியுமா? எஸ்.ஜி. கிட்டப்பா 1906ல் எங்கள் ஊரில் பிறந்தவர். சிறு பிள்ளையிலேயே அண்ணன்மாரோடு மேடை ஏறி, கன்னையா கம்பெனியின் ‘தசாவதார’த்தில் பரதனாக நின்று ஊரையே அழவைத்தவர். சங்கீத வித்வான்கள் நாடகக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தது இவருக்காக. அண்ணன் காசி ஐயர் பெட்டியில் உட்கார, தம்பி பாட, அந்த மாதிரி ஒரு ஜோடனை பிறகு வரவில்லை. இருபத்தேழு வயதில் போய்விட்டார்.

இதைச் சொன்னால் கோபப்படாதீர்கள். கிட்டப்பாவோடு சேர்ந்த பிறகுதான் கே.பி.எஸ். தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தார். அவருடைய பிடிகள், அந்த மேல் ஸ்தாயி நிற்றல் எல்லாம் கிட்டப்பாவிடமிருந்து வந்தவை என்பது என் எண்ணம்.

காவிரிக்கரை எழுதியது:

கோபம் இல்லைங்க, ஆனா ஒத்துக்க முடியாது. கொழும்புல அவங்க ரெண்டு பேரையும் ஜோடி சேர்க்கற பேச்சு வந்தப்ப அந்தம்மா ஏற்கெனவே அங்க பேர்போன நடிகை. புதுசா வந்து இறங்கினவர் கிட்டப்பா. ‘அவரு சிங்கம், அவருகூடப் பாடி நிக்க முடியுமா’ன்னு அந்தம்மாவைப் பயமுறுத்தினவங்களும் உண்டு, ‘அந்தப் பொண்ணுகூட மேடை ஏறினா உங்க பேரு போயிரும்’னு அவரைப் பயமுறுத்தினவங்களும் உண்டுன்னுதான் கதை. ரெண்டு பக்கமும் பயம் இருந்துச்சுன்னா என்னங்க அர்த்தம்? சமமான ஆளுங்க.

அவரு குடுத்தாரு, இவங்க வாங்கினாங்கன்னு ஒரு பக்கமா எழுதறது எனக்குப் புடிக்கலை. இத்தனை வருஷம் தனியா நின்னு பாடின தொண்டைங்க அது.

பெட்டி_வீட்டுப்_பேரன் எழுதியது:

அக்கா சொல்வது எங்கள் வீட்டுக் கணக்கோடு ஒத்துப்போகிறது. தர்க்கம் என்பதே எதிராளி இருந்தால்தான். ஒருவர் பாட்டை இன்னொருவர் அந்த மேடையிலேயே பிடித்து, ஒரு வளைவு கூட்டித் திருப்பி அனுப்புவார். நாலு மாதம் அப்படிப் பாடினால் எது யாருடைய பிடி என்று பிரிக்க முடியாது. குற்றாலச்சாரல் ஐயா, கிட்டப்பாவின் தட்டுகளிலும் அந்தம்மாவின் சாயல் இருக்கும், தேடிப் பாருங்கள்.

அந்த நாள் நோட்டீசுகளில் நாடகத்தின் பெயரைவிட ‘இன்னாருடன் இன்னார்’ என்பதுதான் பெரிய எழுத்து. கதை எல்லோருக்கும் மனப்பாடம். ஜனம் வந்தது இன்றைக்கு யார் யாரை மடக்குகிறார்கள் என்று பார்க்க. ஆணும் பெண்ணும் ஊர் முன்னால் சரிசமமாக நின்று வாதம் செய்து, பெண் ஜெயித்தால் கைதட்டல் விழுகிற இடம் அந்தக் காலத் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருந்தது என்று தாத்தா கேட்பார். எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

படுதா எழுதியது:

நாடக வரலாறு படிக்கிறவள். மேலே உள்ள கடைசி வரிதான் நான் சொல்ல வந்தது, அதை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன்.

அந்தக் காலத்தில் பெண் மேடை ஏறுவது லேசான காரியம் கிடையாது. பாய்ஸ் கம்பெனிகளில் சீதையும் தமயந்தியும் பையன்கள்தான். குரல் உடைந்தால் வேஷம் போய்விடும். பெண்கள் நடித்த இடங்கள் குறைவு. கும்பகோணம் பாலாமணி ஆண் வேஷத்தையும் பெண்களே போடும்படி ஒரு கம்பெனியையே நடத்தினார். அவர் நாடகம் பார்க்க ஜனங்கள் ரயிலேறிப் போனதும் அந்த ரயிலையே ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றதும் எல்லோரும் கேட்ட கதை. அந்தப் புகழ் இருந்தும் ஊர் பேசிய பேச்சு வேறு. ‘கூத்தாடிச்சி’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். டி.பி. ராஜலட்சுமி மேடையிலிருந்து போய் 1931ல் முதல் தமிழ் பேசும்படம் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகியானார், 1936ல் ‘மிஸ் கமலா’வைத் தானே இயக்கினார். அவருக்கும் அதே பேச்சுத்தான்.

இப்போது கே.பி.எஸ். எடுத்த முடிவைப் பாருங்கள். 1927ல் மாயவரத்தில் கல்யாணம். கிட்டப்பாவுக்கு முன்னமே மனைவி உண்டு. சேர்ந்து நடித்த சில வருடங்கள், பிறகு மனஸ்தாபம், பிரிவு. 1933ல் அவர் இறந்தபோது இந்தம்மாவுக்கு இருபத்தைந்து வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. கடைசிவரை மாறவில்லை.

இதைக் காதலின் பெருமையாக எல்லோரும் எழுதியாயிற்று. நான் மேடையின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஸ்பெஷல் நாடகமே ஜோடியின்மேல் கட்டியது. அந்த உறுதியோடு வள்ளி போயிற்று, பவளக்கொடி போயிற்று. இருபத்தைந்து வயதில், குரல் உச்சத்தில் இருக்கும்போது, தன்னுடைய சிறந்த வேஷங்களைத் தானே பூட்டிவைத்தார். நாம் ஒரு பக்தைப் பாடகியைப் பெற்றோம், சரி. தர்க்கத்தில் ஆளை மடக்கும் ஒரு வள்ளியை இழந்தோம். அந்த இழப்பை யாரும் கணக்கில் வைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

பெரியவர்_77 எழுதியது:

அம்மா, உங்கள் படிப்புக்கு மரியாதை. ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. என் தகப்பனார் கரூரில் அந்த ஜோடியைப் பார்த்தவர். கிட்டப்பா வேடனாக வந்து நின்றால் வள்ளி முகம் மாறுவதைக் கடைசி வரிசையிலிருந்து பார்க்க முடியும் என்பார். அந்த முகத்தை இன்னொருவருக்குக் காட்டமாட்டேன் என்று ஒரு பெண் முடிவெடுத்தால் அது அவள் விருப்பம். அதை நஷ்டக் கணக்காக எழுதலாமா? அந்த அம்மாள் வாழ்ந்த விதத்தைப் பார்த்து எங்கள் வீட்டுப் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ‘கூத்தாடிச்சி’ என்ற வாயெல்லாம் மூடிக்கொண்டது அந்த வெள்ளைச் சேலைக்கு முன்னால்தான்.

படுதா எழுதியது:

ஐயா, உங்கள் அப்பா சொன்னதை அப்படியே எழுதிவைத்துக்கொண்டேன், நன்றி. கே.பி.எஸ்.ஸின் அன்பைக் குறைத்துச் சொல்ல நான் யார்? கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. அதைப் படித்தவர்கள் அந்தத் துயரத்தைப் பற்றிக் குரல் உயர்த்திப் பேசமாட்டார்கள். கோபமும் கெஞ்சலும் ஒரே கடிதத்தில் இருக்கும். நாடகத் தேதி, பணவிஷயம், உடம்பு விசாரிப்பு எல்லாம் நடுநடுவே. மேடைத் தொழிலையும் குடும்பத்தையும் ஒரே பேனாவில் எழுதிய பெண்.

ஆனால் உங்கள் கடைசி வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். வாய்கள் மூடிக்கொண்டன என்றீர்கள். வள்ளியாக அவர் அத்தனை பேரையும் ஜெயித்தபோது மூடாத வாய், ஒரு துக்கத்தைப் பார்த்து மூடியது. அவருடைய திறமை சம்பாதிக்காத மரியாதையை அவருடைய இழப்பு சம்பாதித்தது. அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. எனக்கு மனதை அறுப்பது இதுதான்.

பெரியவர்_77 எழுதியது:

இதை நான் இப்படி யோசித்ததில்லை அம்மா. நீங்கள் சொன்னது சரிதான் என்று இன்னும் சொல்லமாட்டேன். ஆனால் நாலு நாள் யோசிப்பேன்.

பெட்டி_வீட்டுப்_பேரன் எழுதியது:

படுதா அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கலாமா? வள்ளியைப் பூட்டிவைத்தார் என்பது உண்மை. மேடையைப் பூட்டவில்லை. ‘பக்த நந்தனார்’ படத்தில் அவர் நந்தனாராகவே நடித்தார். ஆண் வேஷம். ஜோடி என்ற பேச்சே எழாது. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், 1935ல்! அதுவரை சினிமாவில் யாரும் கேட்காத தொகை. வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். பெரிய கர்நாடக வித்வான் ஒருவர் ஒரு நாடக நடிகைக்கு எதிரே வேஷம் கட்டியிருக்கிறார். தர்க்கம் அங்கேயும் தொடர்ந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ராகத்துக்கு ராகம். அக்கா முன்னால் எழுதினார்களே, நல்லதங்காளின் பையன் வேஷத்தில் ஆரம்பித்தவர் என்று. சினிமாவுக்குள்ளும் ஆண் வேஷத்தில்தான் நுழைந்தார்.

அரசியலையும் விட்டுவிடக் கூடாது. ஸ்பெஷல் நாடக மேடைதான் அன்றைய காங்கிரஸ் மேடை. விஸ்வநாத தாஸ் முருகனாக வந்து, கொக்கு விரட்டுகிற சாக்கில் வெள்ளைக்காரனை விரட்டிப் பாடுவார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு. போலீஸ் கொட்டகைக்கு வெளியே காத்திருக்கும். விஸ்வநாத தாஸ் மருத்துவர் (நாவிதர்) சாதி என்பதற்காகச் சில நடிகைகள் ஜோடி சேர மறுத்தபோது உடன் நடித்தவர் கே.பி. ஜானகி அம்மாள், பிற்பாடு எங்கள் மதுரையில் கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. ஆனவர். விஸ்வநாத தாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிரை விட்டார். கே.பி.எஸ். இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். காந்தி 1931ல் லண்டன் போனதைப் பற்றி அவர் பாடிய தட்டு ஊர் ஊராக ஓடியது. 1937 தேர்தலில் சத்தியமூர்த்தியோடு ஊர் சுற்றினார். இவர் பாடி முடித்த பிறகுதான் தலைவர்கள் பேச எழுந்திருப்பார்கள் என்று தாத்தா சொல்வார். முதலில் பேசினால் கூட்டம் கவனிக்காதாம்.

காவிரிக்கரை எழுதியது:

காந்தி எங்கூருக்கே வந்தாருங்க, அந்தம்மா வீட்டுக்கு. தங்கத் தட்டுல சாப்பாடு போட்டாங்களாம். சாப்பிட்டு முடிச்சிட்டு ‘சாப்பாடு மட்டும்தானா, தட்டு எனக்கில்லையா’ன்னு அவர் கேட்க, அந்தம்மா தட்டையும் எடுத்துக் குடுத்துட்டாங்க. அவர் அதை ஏலம் விட்டு நிதியில சேர்த்துட்டாரு. இதை எங்கூர்ல கொழந்தைங்களுக்குக் கூடத் தெரியும். ரயில்ல பாடின பிள்ளை வீட்டுல தங்கத் தட்டு. நடுவுல இருபது வருஷம். அந்த இருபது வருஷம் என்னன்னுதான் நாம இங்க பேசிட்டிருக்கோம்.

பின்னால சென்னை மேல்சபைக்குப் போனாங்க, பத்மஸ்ரீ வாங்கினாங்க, எங்கூர்ல சினிமாக் கொட்டகையும் கட்டினாங்க. அதெல்லாம் நீங்க படிச்சிருப்பீங்க.

குற்றாலச்சாரல் எழுதியது:

நேற்று ராத்திரி என்னிடம் இருக்கிற கிட்டப்பா பாட்டுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டேன். தம்பி சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு. ஒரு பாட்டில், மேலே போய் நின்று சட்டென்று சொல்லைக் கீழே இறக்கிப் பேசுவதுபோல் முடிக்கிற இடம் இருக்கிறது. இத்தனை நாள் கிட்டப்பாவின் தனி முத்திரை என்று நினைத்தது. ஊசிமுனை, உங்கள் தட்டில் அப்படி ஒரு இடம் வருகிறதா?

ஊசிமுனை எழுதியது:

வருகிறது ஐயா. இரண்டாம் பக்கத்தில், முடிவுக்குக் கொஞ்சம் முன்னால். நீங்கள் சொன்ன பிறகு நாலு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். பல்லவியை மேலே எடுத்துப்போய் நிறுத்தி, கேள்வி கேட்கிற தொனியில் சட்டென்று இறக்குகிறார். கேட்டுவிட்டு ஒரு சின்ன இடைவெளி விடுகிறார். பெட்டி மட்டும் வாசிக்கிறது. பதிலுக்கு யாரும் பாடவில்லை, அவரே மறுபடி எடுத்துக்கொள்கிறார். அந்த இடைவெளியில் எதிரே ஒரு ஆள் நின்றிருக்க வேண்டும் என்பது இந்த இழையைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இடம் என்பதால் எதிர்ப்பாட்டை வெட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை நண்பர் ஒருவர் நல்ல முள்ளும் பிளேயரும் கொண்டுவருகிறார். இரண்டு பக்கத்தையும் சத்தம் வடிகட்டாமல் அப்படியே பதிவு செய்து இங்கே போடுகிறேன். ‘கீறல் சத்தத்தை எடு’ என்று யாரும் கேட்க வேண்டாம். அதை எடுத்தால் குரலின் மேல்பகுதியும் கூடவே போய்விடும், ஏற்கெனவே ஒரு தட்டில் கை சுட்டிருக்கிறது.

தம்பி, உங்கள் வீட்டில் தாத்தாவின் பெட்டி இன்னும் வாசிக்கிற நிலையில் இருக்கிறதா? இருந்தால் ஒரு உதவி. தட்டு எழுபத்தெட்டு சுற்று என்று போட்டிருந்தாலும் அந்தக் காலப் பதிவுகள் கொஞ்சம் முன்பின் இருக்கும். பெட்டியின் சுருதியோடு வைத்துப் பார்த்தால் அவர் உண்மையில் எந்தக் கட்டையில் பாடினார் என்று கண்டுபிடிக்கலாம்.

பெட்டி_வீட்டுப்_பேரன் எழுதியது:

இருக்கிறது அண்ணா. துருத்தியில் ஒரு இடத்தில் காற்று போகிறது, தோல் ஒட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன். ஐந்தாம் கட்டையும் ஐந்தரையும் சுத்தமாகப் பேசும். அதுதான் அதிகம் வாசித்த கட்டை, அங்கே சாவியின் தந்தமே தேய்ந்திருக்கிறது.

வல்வைக்காற்று எழுதியது:

பதிவு போட்டவுடன எனக்கொரு செய்தி அனுப்புங்கோ அண்ணை. அப்புவுக்கு இப்ப தொண்ணூற்றி ரண்டு. காது கொஞ்சம் மந்தம், ஆனால் பாட்டெண்டால் கேக்கும். பேர் சொல்லாமல் போட்டுக்காட்டப் போறன்.